சகாயத்துக்குக் குறைந்த அரை அங்குலம்

மாசி வெயில் அன்று காலையிலேயே ஏறிவிட்டது. உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், புளியமரத்து நிழலில் மேசை போட்டு, சீருடையில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்ட இளைஞர்களின் வரிசை ஏரிக்கரைப் பக்கம் வரை நீண்டிருந்தது. வியர்வையும், தலையில் அப்பிக்கொண்டு வந்த விளக்கெண்ணெயும் கலந்த வாசனை.

வடக்கே சண்டை முடிந்திருந்த சமயம். பட்டாளத்துக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது கேப்டன். சென்னையிலிருந்து ஆள் எடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள்.

உயரம் அளக்க ஒரு மரச்சட்டம் இருந்தது. அதில் மேலும் கீழும் நகரும் ஒரு பலகை. பலகை தலையைத் தொட்டதும் ஹவில்தார் நாயர் அளவைப் படித்துச் சொல்வார். தேறியவன் மார்பில் நீலப் பென்சிலால் எண் எழுதுவார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் சகாயம் வந்து சட்டத்தில் ஏறி நின்றான். என் சேரிக்காரன். இருபது வயது. குதிகாலைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி விறைப்பாக நின்றான். முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"அரை இஞ்ச் குறவு, சார்," என்றார் நாயர். "நெஞ்சளவு நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு, பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். அரை அங்குலம் வரை தளர்த்திக்கொள்ள எனக்கு அதிகாரம் இருந்தது. அன்று காலையில் அதே அரை அங்குலம் குறைந்த இரண்டு பேரை நான் எடுத்தும் இருந்தேன். அதனால் மூன்றாவது எண்ணை எழுதத் தயாராகத்தான் நின்றார்.

"ரூல் ரூல்தான். அடுத்த ஆளைக் கூப்பிடுங்க," என்றேன்.

நாயர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு பலகையை மேலே தள்ளினார்.

ஒரு வாசகர் கடிதம்

இதை எழுதும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. இந்தத் தொடரில் சென்ற சில வாரங்களாகப் பனிமலைக் காவல், கூடாரத்தில் உறைந்துபோன தண்ணீர், கோவேறு கழுதைகள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் நான் நன்றாக நடந்துகொண்ட இடங்கள். நினைத்துப்பார்த்தால், அப்படிப்பட்ட இடங்களாகப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு ஆசிரியை கடிதம் போட்டிருந்தார். "சிறுபான்மை சமூகத்தில், அதிலும் சேரியில் பிறந்து பிரிகேடியர் வரை உயர்ந்தும், தன்னவர்களுக்கென்று ஒரு சலுகையும் காட்டாத உங்கள் நேர்மையை என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்" என்று.

கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்தக் கடிதத்துக்குப் பதில்தான் இது.

படியாள் மகன்

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கம். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் ஊருக்கு நாங்கள் சேரிக்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஓலைக்கூரைக் கோயிலில் பூசை பார்ப்போம். திங்கட்கிழமை விடிந்தால் ஆண்டை வயலில் நிற்போம். நிலம் வைத்திருந்தவரை ஆண்டை என்றுதான் கூப்பிட வேண்டும். என் நைனா அவரிடம் படியாள், வருஷக்கணக்கில் கட்டுப்பட்ட ஆள்.

பங்குச் சாமியார் ஒருவர் என்னைச் செங்கல்பட்டு விடுதிப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். போக வேண்டிய நாள் அறுப்பு நேரமாகப் போனது. நைனாவை ஆண்டை விடவில்லை. பக்கத்து வீட்டு சவரி என் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்கல்பட்டு வரை நடந்தே வந்தார். வழியில் எனக்குக் கால் வலித்தபோது பெட்டியோடு என்னையும் தூக்கிக்கொண்டார். கொண்டுபோய் விட்டுவிட்டு அன்றே திரும்பி நடந்தார்.

அந்த சவரியின் மூத்த மகன்தான் சகாயம்.

பள்ளி, பிறகு சென்னையில் கல்லூரி, பிறகு ராணுவத் தேர்வு. நேர்காணலில் ஒரு கர்னல், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "விவசாயம்," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு, நெல்லா கரும்பா என்று கேட்டார். நெல் என்றேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மனதில் எழுந்த வயலுக்குச் சொந்தக்காரராக என் நைனாவை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதிகாரிகள் உணவுக்கூடத்தில் என் பெயர் அந்தோணி. மெட்ராஸ் கிறிஸ்தவன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் முதல் பட்டாலியனில் ஒரு முஸ்லிம் மேஜர் இருந்தார். பண்டிகை விடுப்புப் பட்டியல் போடும்போது தன் மதத்துச் சிப்பாய்களின் பெயரைக் கடைசியில்தான் எழுதுவார். பெருநாள் முடிந்த பிறகு ஊருக்குப் போன சிப்பாய்கள் உண்டு. எல்லோரும் அவரை மெச்சினார்கள். நானும்தான். அந்தச் சிப்பாய்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னது

ஆள் எடுப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது சகாயம் காத்திருந்தான். சவரி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பன் இடத்தில் அவனே ஆண்டையிடம் படியாளாக இருந்தான். வீட்டில் அம்மாவும், பள்ளியில் படிக்கிற தம்பி அருளும்.

"அண்ணா, நான் வந்தா தேறுவேனா?" என்று கேட்டான்.

அவனை ஏற இறங்கப் பார்த்தேன். தோள் இரண்டும் ஏர் பிடித்து உரமேறியிருந்தது. உயரம் கொஞ்சம் இழுபறி என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அது ஒரு பொருட்டே இல்லை என்றும் தெரிந்தது.

"நீ தேறாம வேற யார்ரா தேறப் போறான்?"

"அப்ப ஆண்டயாண்ட சொல்லிட்டு வந்துடட்டுமா? முன்னாடியே சொல்லலன்னா வுட மாட்டாரு."

"போய்ச் சொல்லிட்டு வா," என்றேன். "நிமிந்து நின்னு சொல்லு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அவன் அப்படியே செய்திருக்கிறான். அன்று சாயங்காலமே ஆண்டை வீட்டு வாசலில் போய், துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டபடி நின்று, "நான் பட்டாளத்துக்குப் போறேங்க, நாளையிலேருந்து வரல," என்று சொன்னானாம். எங்கள் சேரியிலிருந்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான். நான்கூடச் சொன்னதில்லை. பெட்டியில் அடைத்த மாதிரிச் சின்ன வயதில் ஊரைவிட்டுப் போனவன் நான்.

ஒரு சோடா குடிக்கிற நேரம்

மைதானத்துக்குத் திரும்பி வருகிறேன்.

காலையில் எடுத்த இரண்டு பேரில் ஒருவன் தென்னேரிப் பக்கத்து விவசாயி மகன். "அரை இஞ்ச் குறவு" என்று நாயர் சொன்னபோது, "பரவாயில்ல, பட்டாளத்துச் சோறு தின்னா வளந்துடுவான், எழுதுங்க," என்று சிரித்தேன். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். இன்னொருவன் ஒரு கடைக்காரர் மகன். அவனுக்குச் சிரிப்புகூடத் தேவைப்படவில்லை. தலையை ஆட்டினேன், நாயர் எழுதினார்.

பிறகு சோடா வந்தது. பந்தலும் நாற்காலிகளும் கொடுத்து உதவிய வட்டாரப் பிரமுகர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. மரியாதையான மனிதர். கோலிக்குண்டை அவரே தட்டி, பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"கேப்டன் சாருக்கு இந்தப் பக்கந்தான்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

"எந்தத் தெரு?"

ஊரைச் சொன்னேன். தெரு என்று எங்களுக்கு ஒன்று கிடையாது. சேரி என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் கனிவாகச் சிரித்தார்.

"ரொம்ப சந்தோஷம். இனிமே உங்க ஜனங்களுக்கு இன்னா கவல? நீங்களே கீறீங்க, பாத்துக்குவீங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. கேவலமாக ஒன்றும் சொல்லவில்லை. வாழ்த்தாகக்கூட இருக்கலாம். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. சோடா முடியும் முன்னால் மனதுக்குள் ஒரு கதவைச் சாத்திவிட்டேன்.

அவர் எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த பத்தாவது ஆளோ பதினைந்தாவது ஆளோ, சகாயம்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பைப் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிட்டாரா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சவரி நினைவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வார்த்தை நினைவு வரவில்லை. அவர் என்ன நினைப்பார் என்பது மட்டும்தான்.

சகாயம் சட்டத்திலிருந்து இறங்கினான். புரியாதவன் மாதிரி அங்கேயே நின்றான். நாயர் அவன் முதுகில் லேசாகத் தட்டி ஒதுங்கச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு, பித்தானைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனான்.

பிரமுகர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். பிறகு எங்கள் ஆள் எடுப்பு அலுவலகத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் எழுதினார். சொந்த ஊர்க்காரன் என்றும் பாராமல் திருப்பி அனுப்பிய அதிகாரி என்று. சகாயம் யார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வருஷம் என் மேலதிகாரி எழுதிய அறிக்கையில் "முற்றிலும் பாரபட்சமற்றவர்" என்ற வரி அந்தக் கடிதத்தால்தான் வந்தது. மேஜர் பதவிக்கு என் பெயர் போனபோது அந்த வரியும் கூடப் போனது.

பட்டாளம் என்கிற பெயர்

அடுத்து நான் ஊருக்குப் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

போன அன்று நைனாதான் பேச்செடுத்தார். "நம்ம சகாயத்துக்கு ரெண்டு இஞ்ச்சு கொறச்சலாமே. பாவம், அவனே வந்து சொன்னான். நீ இன்னா பண்ணுவ?"

அரை அங்குலம்தான் என்று நான் திருத்தவில்லை. அவன் தப்பாகக் கேட்டிருப்பான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆண்டை அவனை உடனே சேர்த்துக்கொள்ளவில்லையாம். மூன்று நாள் வாசலில் நிற்க வைத்திருக்கிறார். நாலாம் நாள், "இன்னாடா பட்டாளம், துப்பாக்கிய எங்க வெச்ச? போ, மாட்ட அவுத்து வுடு," என்றாராம். அன்றிலிருந்து ஊர்த்தெருவில் அவனுக்கு அதுதான் பெயர். சின்னப் பிள்ளைகள்கூட, "பட்டாளம், தண்ணி எறச்சிட்டியா?" என்று கேட்கிற அளவுக்கு.

சாயங்காலம் அவனே வந்தான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. அவனும் உட்காரவில்லை.

"சகாயம், அன்னிக்கு ரூல் அப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"தெர்யும்ணா," என்றான். "அந்தத் தென்னேரிக்காரனுக்கும் அர இஞ்ச்சுதான் கொறச்சல். நான் அவன் பின்னாடி கொஞ்ச தூரத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க சிரிச்சிக்கினே எழுதச் சொன்னீங்க. அத்தப் பாத்துதான் எனக்கு தைரியமே வந்துது."

அவன் துண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"காலனில யாராண்டயும் சொல்லல. ரெண்டு இஞ்ச்சுன்னு சொல்லிக்கினு கீறேன். அர இஞ்ச்சுன்னா, அதுக்கா வுடலன்னு உங்கள கேப்பாங்கோ. நம்ம பசங்களுக்கு காட்ட உங்க ஒருத்தர வுட்டா யாரு கீறாங்க?"

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல், இப்போது எழுதவும் கை கூசுகிற ஒன்றைச் சொன்னேன்.

"என் வீட்ல கூடமாட வேலைக்கு ஒரு ஆள் வேணும். எங்கூடவே வந்துடு. சாப்பாடு, துணி எல்லாம் பாத்துக்குறேன்."

அவன் மண்ணைப் பார்த்தான்.

"வேணாம்ணா. ஒரு ஆண்ட போதும்."

சொன்ன பிறகு அவனுக்கே சங்கடமாகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னான்.

"தம்பி அருளு அடுத்த வருசமோ அதுக்கடுத்த வருசமோ வருவான். அவனுக்கும் பட்டாளந்தான் ஆச. அவன் வரச்சொல்ல நீங்க மேசல குந்தினு இருந்தா, உங்களத் தெரிஞ்ச மாரி காட்டிக்க மாட்டான். சிரிக்க மாட்டான். ஊரு பேரக்கூட வாயால சொல்ல வேணாம்னு சொல்லிக் கீறேன். நானும் அந்தப் பக்கம் வர மாட்டேன். அவன நீங்க யாரோன்னு நெனச்சி அளந்து பாருங்கணா. அது போதும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் போன பிறகு நைனா வந்து, எதற்கு வந்தான் என்று கேட்டார். சும்மா வந்தான் என்றேன்.

சகாயம் பிறகு ஆண்டையை விட்டுக் கல்குவாரிக்குப் போனான். கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளைகள் பிறந்தார்கள். தூசி நெஞ்சில் ஏறி, வயதாகும் முன்னாலேயே இருமத் தொடங்கினான். நான் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தேன். அவன் அடக்கத்துக்குப் போனேன். அவன் மகன் ஓடிவந்து என்னைக் கோயிலில் முன்வரிசையில் உட்கார வைத்தான். அவன் அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னான். பேசினேன். நல்ல உழைப்பாளி என்று சொன்னேன்.

பயிற்சி மையத்தில்

நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வாரத்தை முடிக்க முடியாது.

சகாயம் வந்து பேசிய சில மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. என் இடத்துக்கு வந்தவர் பஞ்சாபி. இந்தப் பக்கம் யாரையும் அறியாதவர். பிறகு நான் மேஜராகி ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன். புதிதாக வந்த ரெக்ரூட்டுகளின் தாள்கள் என் மேசைக்கு வந்தன. ஒரு தாளில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அருள்நாதன், தகப்பன் பெயர் சவரி. உயரம் என்ற இடத்தில், கால் அங்குலம் குறைவு, தளர்த்தப்பட்டது என்று எழுதி அந்தப் பஞ்சாபி அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு அது ஒரு நிமிஷ வேலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை, ரெக்ரூட்டுகள் தங்கும் பாராக்கில் சோதனை. ஒவ்வொருவனும் தன் கட்டில் பக்கத்தில் நிற்பான். கட்டில் மேல் சாமான்களைப் பரப்பி வைத்திருப்பான். நான் ஒவ்வொருவனிடமும் பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டு போவேன். அன்று காலை சவரம் செய்துகொள்ளும்போதே, அருளிடம் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். அண்ணன் எப்படி இருக்கான் என்று கேட்க வேண்டும். எல்லோர் காதிலும் விழும்படி தமிழில் கேட்க வேண்டும். நானும் அந்தச் சேரிதான் என்று பின்னால் வரும் சுபேதாருக்குத் தெரிய வேண்டும்.

பாலிஷ் வாசனையும் புதுக் கம்பளி வாசனையுமாக இருந்தது பாராக். முதல் பையன் ஊர் சொன்னான். அடுத்தவன் ஊரோடு தாலுகாவும் சொன்னான். இன்னொருவன் தெருப்பெயரே சொல்லப்போய் சுபேதாரிடம் முறைப்பு வாங்கினான்.

அருள் முன்னால் வந்து நின்றேன். அதே அகன்ற நெற்றி. அதே மாதிரி குதிகால் சேர்த்து நின்றான். பார்வை என் தொப்பிக்கு மேலே, எதிர்ச் சுவரில் பதிந்திருந்தது.

"பேர்?"

"அருள்நாதன், சார்."

"எந்த ஊர்?"



"செங்கல்பட்டு ஜில்லா, சார்."

செங்கல்பட்டு ஜில்லாவில் எங்கே என்று நான் கேட்கவில்லை.